கயிற்றை விட்டு ஓடி வந்தவர்கள்

என் மனைவி எஸ்தர் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்து, பாதியில் பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பரமக்குடி. மொபைல் கடை வைத்திருக்கிறேன். கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. இந்த வருஷப் பொங்கல் லீவில்தான் புது பைக்கை எடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத கடற்கரை ஊர்களாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினோம். உச்சிப்புளியில் டீ குடித்தோம். பாம்பன் பாலத்தில் காற்று பைக்கைத் தள்ளியது. "கடையில சார்ஜர் விக்கிறதோட நிறுத்திக்கங்க" என்று பின்னாலிருந்து சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

பாலம் தாண்டித் தென்கடலோரம் ஒரு சின்னச் சாலையில் திரும்பினோம். மணல் பறந்ததால் எஸ்தர் துப்பட்டாவை முகத்தையும் கழுத்தையும் சேர்த்துச் சுற்றியிருந்தாள். நுனி அவிழ்ந்து காற்றில் பறந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அது பின்சக்கரத்தில் சிக்கியது. ஒரே இழுப்பு. அவள் பின்னால் விழுந்தாள், பைக்கும் சாய்ந்தது. துணி செயினில் சுருண்டு அவள் கழுத்தை இறுக்கிவிட்டது. இழுத்தேன், பல்லால் கடித்தேன், சக்கரத்தைப் பின்னால் சுற்றிப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. அவள் கண் செருகியது. சாலையில் ஒரு வண்டி இல்லை. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் அந்த நேரத்தில் அவ்வளவுதான்.

கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் கரைவலைக்காரர்கள் அவர்கள். சகாயராணி என்ற அக்கா கத்தியை நுழைத்துத் துணியை அறுத்தார். எஸ்தருக்கு மூச்சு வந்தது. அவர்களே வண்டி பிடித்து எங்களை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்கள். அவள் பிழைத்தாள். குரல் மட்டும் கொஞ்சம் கம்மிவிட்டது.

அவள் தேறியதும் பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். சகாயராணி அக்கா மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். வலைக் கயிற்றை எங்காவது கட்டிவிட்டுத்தான் ஓடி வந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கடல் தெரியாதவன் வேறெப்படி நினைப்பான்? பேச்சுவாக்கில், அன்றைக்கு மீன் நன்றாக விழுந்ததா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா ஊசியை நிறுத்தவில்லை. "ரொம்ப நாளா மீனில்லாம வெறும் வலைமடிதான் தம்பி வந்துச்சு. அன்னைக்கு மாதாட்ட அழுது வேண்டிக்கிட்டு வலை வளைச்சோம். மடி நெறஞ்சு கரைகிட்ட வந்துருச்சு. கயித்த விட்டதும் எல்லாம் போயிருச்சு. வலையும் பாறையில மாட்டிக் கிழிஞ்சிருச்சு."

அவர் கையிலிருந்த கிழிசலை அப்போதுதான் பார்த்தேன். ஏதேதோ சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "தங்கச்சிக்குத் தொண்டையில சோறு எறங்குதா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். நான் ஒரு தடவை கத்தியதற்குப் பதில் கிடைத்தது. அவர்கள் பல நாள் அழுது கேட்டுக் கிடைத்ததை, எனக்காகத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இதை நினைத்தால் என் ஸ்தோத்திரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

முன்பெல்லாம் என் ஜெபம் என் வீட்டு வாசலைத் தாண்டாது. இப்போது தினமும் நானும் எஸ்தரும் முழங்காலில் நிற்கும்போது, முதலில் அந்தக் கரை ஆட்களின் பெயர்களைச் சொல்கிறோம். எஸ்தர் கம்மிய குரலில் சொல்வாள், நான் ஆமென் போடுவேன்.

பிரியமானவர்களே, ஆபத்தில் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். ஆனால் உங்களுக்கு உதவி வந்த பிறகு, வந்தவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டது தாமதமாக, அதுவும் தெரியாமல். இன்று ராத்திரி ஜெபிக்கும்போது அந்த வலை நிறைய வேண்டும் என்று நீங்களும் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.