அண்ணைக்கு டேனிஷ் மறந்த நாள்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்கு வெளியே ஆற்றங்கரையோடு ஒரு நடைபாதை போகிறது. மேடு பள்ளம் இல்லை. முழங்கால் வலிக்காரரும் நடக்கலாம். தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்து ஓய்வுபெற்ற டேனிஷ்காரர் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிறு அங்கே நடப்பார்கள். அவர்களோடு தமிழர் இருவர், நானும் அண்ணையும். உறவில் அண்ணன் அல்ல. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்தவர்.

ஆரம்ப காலத்தில் இங்கிருந்த தமிழ்ச் சனத்துக்கு அவர்தான் வாய். நகரசபைக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பார். என் மகள் பிறந்ததைத் தாதி டேனிஷில் சொல்ல, அதை எனக்குத் தமிழில் சொன்னவரும் அவர்தான்.

அந்த நவம்பர் ஞாயிறு விடாமல் தூறியது. ஆறும் வானமும் ஒரே ஈய நிறம். அண்ணை வழமைக்கு மாறாகக் கடைசி ஆளாக, பேசாமல் வந்தார். களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பாதை முடியும் இடத்தில் ஒரு குறோ, பழைய கிராமத்து மதுவிடுதி, இருக்கிறது. ஈர மேலங்கிகளைக் கழற்றிவிட்டு நீள மேசையில் உட்கார்ந்தோம். மற்றவர்களுக்குப் பியர் எழுதிக்கொண்டு பரிமாறும் பெண் அண்ணையிடம் வந்தாள்.

"எனக்கு ஒரு தேத்தண்ணி தா, பிள்ளை," என்றார் அண்ணை, தமிழில்.

மேசையே சிரித்தது. அண்ணை பகிடிக்குப் பேர்போனவர். அவள் மறுபடி கேட்டாள். அவர் மேசைக்குக் கீழே என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"இவள் என்ன கேக்கிறாள், தம்பி? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"என்ன குடிக்கப்போறியள் எண்டு கேக்கிறா, அண்ணை."

"அதைத்தானே நான் சொன்னனான்."

அவருக்குத் தொண்டை சரியில்லை என்று டேனிஷில் சொல்லி, நானே தேநீர் கேட்டேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. எதிரே இருந்தவர் தேனும் கொண்டுவரச் சொன்னார். அண்ணை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

வீட்டில் இறக்கிவிட்டபோது அவர் மனைவியிடம் வாசலில் வைத்துச் சொன்னேன். அக்கா ஆச்சரியப்படவில்லை.

"மூண்டு மாசமா இப்பிடித்தான். வந்து வந்து போகுது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி. எங்கட பிள்ளைக்கும் தெரியாது."

"ஓம் அக்கா," என்றேன்.

குளிர்காலம் முழுக்க, அண்ணைக்குத் தடிமனும் இருமலும் என்று நடைக்குழுவுக்குச் சொன்னேன். கோபன்ஹேகன் பக்கம் இஷொயில் இருக்கும் அண்ணையின் மகள் அவரோடு டேனிஷில்தான் பேசுவாள். தொலைபேசியில் அவர் பதில் குறைந்துகொண்டே போனது.

வசந்தத்தில் அவள் நேரில் வந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். "உங்களுக்குத் தெரிந்திருந்தது," என்றாள் டேனிஷில். "அப்பாவுக்கு என்மேல் கோபம் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்."

சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார் என்றேன். அது பதில் இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது. முன்னமே சொல்லியிருந்தாலும் மறதி நோய் நின்றிருக்காதாம், டொக்டர் சொன்னார். ஆனால் அந்த மாதங்களின் நல்ல நாட்களாவது அவளுக்குக் கிடைத்திருக்கும்.

இப்போது அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலில் வருகிறாள். தெரிந்த கொஞ்சத் தமிழில் பேசிப்பார்க்கிறாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, மரியாதையாக விசாரிக்கிறார்:

"நீங்கள் ஆருடைய பிள்ளை?"