நீலத் துவாயில் வெள்ளைக் கன்னம்

பதினான்கு வயதில் நான் மெல்ல மெல்ல வெள்ளைக்காரனாகிக்கொண்டிருப்பதாக நம்பினேன். கனடாவின் மொன்றியல் குளிருக்கு ஏற்றபடி தோல் தானாக மாறுகிறது போலும் என்று ஒருநாள் சமாதானம்கூடச் செய்துகொண்டேன்.

எல்லாம் முகப்பருவால் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தோம். சித்தப்பா எங்கள் சோபாவில் குடியிருந்தார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிய களைப்பெல்லாம் என் முகத்தைக் கண்டதும் அவருக்குப் பறந்துவிடும். "டேய், உன்ரை மூஞ்சி கடலை வடை மாதிரிக் கிடக்கு" என்பார்.

அம்மா என்னைச் சென்னைக்கார டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஆன்டிபயாட்டிக் கலந்த ஜெல் ஒன்றை எழுதித் தந்தார். விழுங்குகிற சாமானை முகத்தில் பூசுவதா என்று அம்மாவுக்குச் சந்தேகம். காலையும் மாலையும் முகம் முழுக்க மெல்லிசாகப் பூசு, பிரிட்ஜில் வை என்றார் டாக்டர். பிறகும் ஏதோ சொன்னார். என் பருக்களைப் பற்றி இரண்டு பெரியவர்கள் கதைப்பதைக் கேட்கக் கூச்சமாயிருந்ததால், நான் யன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வாரம், நான் முகம் துடைக்கும் நீலத் துவாயில் ஒரு வெள்ளைத் திட்டு. சரியாக என் கன்னத்தின் அளவு. அடுத்து தலையணை உறையும் வெளுத்தது. முகமோ காய்ந்து செதில் உதிர்ந்தது. வெண்குட்டம்தான்! நிறம் முகத்திலிருந்து கழன்று துணியில் ஒட்டுகிறது என்று முடிவுகட்டினேன். அப்படியானால் துணி கறுக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தொற்றிவிடக்கூடாதென்று என் கோப்பையை நானே கழுவி ஒளித்துவைத்தேன்.

மூன்றாம் வாரம் சித்தப்பாவின் வேலைச் சட்டைக் கழுத்தில் அதே திட்டு. தொற்றிவிட்டது! சனிக்கிழமை அவரைப் படம் எடுத்து, யாழ்ப்பாணத்தில் பேசிவைத்த பொம்பிளைக்கு அனுப்ப இருந்தார்கள். அழுதபடி அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிரிட்ஜைப் பார்த்தார்.

"விசர்க்கதை கதையாதை. கொம்மாட்டை மூச்சு விடாதை."

அம்மாவிடம் சொல்லாமல் என்னைக் காப்பாற்றுகிறாரே, என்ன பெரிய மனசு என்று உருகிப்போனேன். ஆனாலும் சனிக்கிழமை அவர் கோட்டு மாட்டி நின்றபோது என் மனச்சாட்சி விடவில்லை. "அம்மா, பொம்பிளையை ஏமாத்தக்கூடாது. சித்தப்பாவுக்கு வெண்குட்டம். என்னட்டை இருந்து வந்தது" என்று கத்தினேன்.

அம்மா துவாயைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பிறகு பிரிட்ஜைத் திறந்து டியூப்பை எடுத்தார். இரண்டு மாதத்துக்கென்று வாங்கியது மூன்றாம் வாரத்திலேயே காலியாகிச் சப்பளிந்து கிடந்தது.

"இது பட்டால் துணி வெளுக்கும், வெள்ளைத் துவாயாலை துடை எண்டு டொக்டர் அண்டைக்கே சொன்னவரெல்லே? நீ எங்கை பார்த்துக்கொண்டு இருந்தனி?" என்றார். பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, "தம்பி, நீரும் பூசினீரோ?" என்றார்.

சித்தப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். என் முகத்தைப் பார்த்து அவ்வளவு சிரித்த மனிதர் கோட்டுக் கழுத்தைத் தாடைவரை இழுத்துவிட்டார்.

அவருக்கு வயது முப்பத்திரண்டு. தாடையில் நாலு பரு இருந்தது.