என் பெயரில் ஆடிய அண்ணன்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. "ஒரு பக்கம் போதும் சித்தப்பா" என்று அண்ணன் மகள் சொன்னாள். ஒரு பக்கத்தில் முடியாது.

எதற்கு எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அண்ணனை எடுத்த அன்று வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தோம். ஸ்ரீராம்புரத்து உறவினர் ஒருவர், பெயர் வேண்டாம், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"நல்லா ஆடுவாம்பா, இல்லேன்னு சொல்லல. ஆனா தம்பி பேர எடுத்து ஏமாத்துனவன். தம்பி வேலைக்கே ஒல வெச்சிருப்பான். ஏதோ சாமி புண்ணியத்துல தப்பிச்சான்."

அண்ணன் மகள் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். "நெஜமா சித்தப்பா?" என்று கேட்டாள். நான் மூங்கிலில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். குனிந்தபடியே இழுத்தேன்.

அந்த உறவினர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போன சேதி அதுதான். அது பொய்ச் சேதி.

அண்ணன் பிறந்தது பெங்களூரு ஜீவனஹள்ளியில். அப்பா வந்தவாசிப் பக்கமிருந்து வந்து கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். அண்ணன் மூத்தவர். மூன்று வருடம் கழித்து நான். அண்ணன் பத்தாவதில் இருந்தபோது அப்பா தவறிவிட்டார். அம்மா காக்ஸ் டவுனில் நாலு வீடு பாத்திரம் தேய்த்தார். அண்ணன் படிப்பை விட்டு ஒரு பேக்கரி வண்டியில் ரொட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். விடிவதற்குள் போய் மதியம் வந்துவிடுவார். சாப்பிட்டுவிட்டு கிரவுண்டுக்குப் போவார். தூங்கிப் பார்த்ததில்லை.

ஃபுட்பாலில் அவர் ரைட் அவுட், வலது ஓரத்து ஆட்டக்காரர். ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுவார். ஆட்டம் முடிந்தால் வலது பூட்ஸில் சுண்ணாம்பு அப்பியிருக்கும். ஓடுகிறவர் சட்டென்று பந்தை மிதித்து நிற்பார். கூட ஓடி வந்தவன் நாலடி தாண்டிப் போயிருப்பான். அப்புறம் பந்து நடுவில் ஏறும். இவ்வளவுதான் அவர் வித்தை. தெரிந்தும் யாராலும் தடுக்க முடியவில்லை.

தொண்ணூற்றொன்று வாக்கில் ஸ்டேட் ஜூனியர் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது. அவர் ஆடிய கிளப்பின் செகரட்டரி வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சின்னவன் ஸ்கூல் சர்டிபிகேட் இருக்குதில்லம்மா, அத்த குடுங்க. போட்டோ மட்டும் பெரியவன்துது ஒட்டிக்கலாம்."

"தப்பு இல்லியா சார்?"

"இன்னாம்மா தப்பு? இந்த ஏரியாவுல எவன் சொந்த வயசுல ஆடறான்? ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்லாம் ஜூனியர்ல கீறான்."

அம்மா சிரித்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். எனக்கும் சந்தோஷம்தான். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்தது. தம்பி இருக்கிற வீட்டில் அண்ணனுக்கு வயது குறையும்.

அண்ணன் வெளியூர் போய் ஆடிவிட்டு வந்தார். பேப்பரில் இரண்டு தடவை பெயர் வந்தது. சேகர் என்று வந்தது. அது என் பெயர். நான் அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் காட்டினேன். சர்டிபிகேட்டும் வந்தது. அதிலும் என் பெயர்.

மறு வருடமே ஒரு ஃபேக்டரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் இடம் வந்தது. ஹெல்ப்பர் வேலை, பர்மனென்ட். இனிமேல் ஆள் எடுக்கப் போவதில்லை, இதுதான் கடைசி என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படியேதான் ஆனது. டிரயலில் அண்ணன் ஆடினார். ஃபேக்டரி டீம் மேனேஜருக்குப் பிடித்துப்போனது. ஆபீசில் ஸ்டேட் சர்டிபிகேட் கேட்டார்கள். அண்ணன் பெயரில் எதுவும் இல்லை. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபீசர் கன்னடக்காரர். "யார ஹெசரோ அவரிகே கெலச" என்று சொல்லிவிட்டார். யார் பெயரோ அவருக்குத்தான் வேலை. உண்மையைச் சொன்னால் சர்டிபிகேட் ரத்து, வேலையும் இல்லை.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"யாருக்கு வந்தா இன்னா, வூட்டுக்குத்தான வருது" என்றார் அம்மா.

அண்ணன், "நீ போடா. எனக்கு எங்கனா ஒரு டீம் இருக்கும்" என்றார்.

நான் போனேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினெட்டு வயது எனக்கு.

ஃபேக்டரிக்கு ஆட்டக்காரர் வேண்டும். எனக்கு ஆடத் தெரியாது. மேனேஜர் அதற்கும் வழி வைத்திருந்தார். கேட்டுக்குள் நான், கிரவுண்டில் அண்ணன். லீக் கார்டில் என் பெயர், அவர் போட்டோ. நான் வேலை செய்த ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும்.

"டேய் சேகரு, நேத்து செகண்ட் ஷிப்ட்ல என் பக்கத்துல நின்னுகினே கிரவுண்டுல கோல் போட்டியாமே? கேட்டு ரெண்டு சம்பளம் வாங்கிக்கடா."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கேலரியில் ஜனங்கள் "ஓட்றா சேகரு, ஓட்றா" என்று கத்துவார்கள். அண்ணன் ஓடுவார். இரண்டு சீசன் அப்படி நடந்தது. சம்பளத்தில் பாதியை நான் அவரிடம் நீட்டினால் அம்மாவிடம் கொடு என்பார்.

மூன்றாவது சீசனில் எதிர் டீமிலிருந்து யாரோ என் கேட் பாஸ் போட்டோவை எடுத்து ஃபுட்பால் அசோசியேஷனில் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ரெஃப்ரி அண்ணனைக் கூப்பிட்டு, "உன் பேரு என்ன?" என்று கேட்டார். அண்ணன் சொந்தப் பெயரைச் சொன்னார். சேகர் என்று சொல்லியிருந்தால் அன்று ஆடியிருக்கலாம். சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் கேலரியில் இருந்தேன். கீழே இறங்கவில்லை.

ஃபேக்டரியில் விசாரணை வைத்தார்கள். ஒரு காகிதம் டைப் அடித்து வைத்திருந்தார்கள். அதன்படி ஜூனியர் ஆட்டம் ஆடியது நான். வேலைக்கு வந்தபின் எனக்கு முட்டியில் அடி. எனக்குத் தெரியாமல் என் அண்ணன் என் பெயரில் கார்டு எடுத்து ஆடியிருக்கிறான். இப்படி எழுதியிருந்தது. மேனேஜர் சொன்னார்.

"கையெழுத்து போடு, ஒன் வேல நிக்கும். இல்லேன்னா ரெண்டு பேரும் ரோட்டுல. யோசிச்சுக்க."

இங்கிலீஷ் தெரியாமல் போட்டேன் என்று நான் சொல்லலாம். அது பொய். வரி வரியாகக் கன்னடத்தில் படித்துக் காட்டினார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

அண்ணனுக்கு மூன்று சீசன் தடை. அசோசியேஷன் கடிதத்தோடு என் காகிதத்தின் நகலும் தபாலில் வந்தது. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். மடித்தார்.

"ஒனக்கு வேல நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணா."

"சரி."

குளிக்கப் போய்விட்டார். சாகும்வரை அந்தக் காகிதத்தைப்பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த வருடம், வேலை இருக்கிறவன் என்று எனக்கு முதலில் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் விசாரித்ததில் ஃபேக்டரிக் கதை காதில் விழுந்திருக்கிறது. கேட்டார்கள். "பெரியவன்தாங்க அப்படிப் பண்ணிட்டான். சின்னவன் ஒண்ணும் அறியாதவன்" என்றார் அம்மா. அண்ணன் அங்கேதான் தட்டில் காபி டம்ளர்களோடு நின்றார். எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்குப் போன சேதி அன்று கிளம்பியதுதான்.

தடை போட்டபிறகு அவரை எந்த டீமும் முழுசாக வைத்துக்கொள்ளவில்லை. தடை முடிந்த பிறகும் அப்படித்தான். கோலார் தங்கவயலில் கொஞ்ச நாள், கோயம்புத்தூரில் ஒரு மில் டீமுக்கு ஒரு சீசன், ஓசூரில் ஒரு சீசன். அறுவடை முடிந்தால் மலப்புரம் பக்கம் போவார். அங்கே பக்கத்துக்கு ஏழு பேர் வைத்து ஆடும் செவன்ஸ் ஆட்டம். ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி. சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள். பெயரும் கேட்க மாட்டார்கள். "பாங்களூர்" என்றே கூப்பிட்டார்களாம். முட்டி வீங்கினால் ஊசி போட்டுக்கொண்டு இறங்குவார். இறங்காவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. இப்படி ஏழெட்டு வருடம் போனது. இதற்கு நடுவில்தான் கல்யாணம், மகள் எல்லாம். அண்ணி தையல் மெஷின் மிதித்துக் குடும்பத்தை ஓட்டினார்.

முட்டி போனபிறகு ஒரு தனியார் பள்ளியில் கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை கிடைத்தது. கோடு போட்டுவிட்டுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நம் ஏரியாப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். கோச் படிப்புக்கு அசோசியேஷனில் மனு கொடுத்தார். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்து மனுவைத் திருப்பிவிட்டார்கள். பள்ளி ரிஜிஸ்டரில் கடைசிவரை அட்டெண்டர்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் பையன் வந்தால் சர்டிபிகேட் பார்க்க மாட்டார். வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசுவார். பையனுக்கு அண்ணன் உண்டா, தம்பி உண்டா, எத்தனை வருட இடைவெளி, எவன் பிறந்தபோது எந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்று சாவகாசமாகக் கேட்பார். தாய் பொய் சொல்ல மாட்டாள், சொன்னாலும் கணக்கு இடிக்கும். வயது தப்பென்றால் அந்தப் பையனை இறக்க மாட்டார். அதனால் அவர் டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. மற்ற டீம்களில் மீசை முளைத்தவர்கள் ஆடினார்கள்.

ஒரு தடவை அப்படி வெளியே உட்கார வைத்த பையனின் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"தம்பி பேர்ல ஆடுன ஆளு நீ. எம்புள்ளைக்கு நீ நாயம் சொல்றியா? மானம் கீதா ஒனக்கு?"

"ஆமா, ஆடுனேன். அதனாலதான் வாணாங்கறேன்" என்றார் அண்ணன்.

"ஒந்தம்பி பொழச்சிகினான். நீதான் நாசமாப் போன."

நான் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளுக்கு நான்தான் தம்பி என்று தெரியாது. அண்ணனும் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வலி ஊசியும் மாத்திரையும் வருடக்கணக்கில் போட்டதால் என்று டாக்டர் சொன்னார். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு முறை வர நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு ஃபேக்டரி மெடிக்கல் கார்டு இருந்தது. நல்ல ஆஸ்பத்திரி. பெண்டாட்டி பிள்ளைக்கு உண்டு, அண்ணனுக்குக் கிடையாது. நான் ஒரு யோசனை செய்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜாடை. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, என் கார்டுல அட்மிட் ஆயிடு. போட்டோலாம் எவனும் பாக்க மாட்டான்."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"இன்னொரு வாட்டி ஒம்பேர்ல என்ன படுக்க வெக்காத. போ, எம்பேருக்கு டோக்கன் போடு."

போய் வரிசையில் நின்று அவர் பெயருக்கு டோக்கன் போட்டேன். ஒன்றரை வருடம் போட்டேன். கடைசி மாதம் முறை வரத் தாமதமாகி மூச்சு முட்டிப்போனது. ஆஸ்பத்திரிப் பெஞ்சிலேயே என் மேல் சாய்ந்தபடி போய்விட்டார். அவருக்கு நாற்பது வயதுகூட முடியவில்லை.

அண்ணன் என்னை ஏமாற்றவில்லை. யாரையும் ஏமாற்றி அவர் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. ஜூனியர் ஆட்டம் ஆடியது அவர். அந்த வேலை அவருடையது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். ஸ்ரீராம்புரத்து உறவினரும் மற்றவர்களும் இனி இந்தக் கதையைப் பேசினால் இப்படியே பேச வேண்டும்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. அண்ணன் போன ஆறாம் மாதம் ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். கொடுத்து எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். போவதற்கு இனி வேலை இல்லை. அதனால் எழுதுகிறேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ரத்தம் கொடுத்த ஏரியாப் பிள்ளைகளுக்கு நன்றி. தோள் கொடுத்துச் சுடுகாடு வரை தூக்கியவர்களும் அவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்புப் போட்டு வந்த பி.டி. மாஸ்டருக்கும், தன் ஆட்டோவில் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எதிர் வீட்டுப் பாய்க்கும், இன்று சமைத்தவர்களுக்கும் நன்றி. கடைசிவரை கூட இருந்து பார்த்த அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணன் மகளிடம் கொடுத்தேன். நின்றபடி படித்தாள். எழுத்துப் பிழைகளைப் பேனாவால் திருத்தினாள். வேறு ஒரு வரியிலும் கை வைக்கவில்லை. "போடலாம்" என்றாள். சித்தப்பா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

நியாயம்தான்.

தம்பி சேகர்
ஜீவனஹள்ளி, பெங்களூரு