வண்டி நின்ற கதையைச் சொல்லும் ஊர்

இந்தத் தர்மபுரியில் சாயங்காலமானால் ஒரு கூத்து நடக்கும். கரிவாயுவில் ஓடும் பஸ்கள் ஷெட்டுக்குத் திரும்பியதும் டிரைவர், கண்டக்டர், கிளீனர் எல்லோரும் கைகால் கழுவிவிட்டு டீ கிளாஸோடு வட்டமாக உட்காருவார்கள். அன்றைக்கு எங்கே வண்டி நின்றது, என்ன தப்பால் நின்றது என்று தப்புச் செய்தவரே வாய்திறந்து சொல்லவேண்டும். கணவர் போனபின் கம்பெனியை நடத்துகிற முதலாளியம்மா முக்காலியில் உட்கார்ந்து கேட்பார். அவர் மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கன்னட வீட்டில் பிறந்தவர்; ‘அப்புறம்?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘ஆமேலே?’ என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டிரைவர் நஞ்சப்பன், “ஈரக் கரியப் போட்டுட்டனுங்க, பொம்மிடி ரயில் கேட்டாண்ட வண்டி நின்னுப்போச்சு” என்றார். போயிற்று, மனுஷனுக்குச் சீட்டுக் கிழிந்தது என்று நான் பரிதாபப்பட்டேன். அம்மாவோ “ஆமேலே?” என்றார். கரியைக் காயவைக்க ஒரு கொட்டகை போடலாம் என்று பேச்சு நகர்ந்துவிட்டது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ரங்கூன் அரிசி மில்களில் என்னோடு வேலை பார்த்த சகோதரர்களுக்கு நம் மில் எப்படி நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உமியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினோம். வால்வைத் திருப்பும்போது ஹெட் மேஸ்திரி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அவருடைய அக்குளுக்கடியில் எட்டிப்பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். ‘தெரியாது’ என்று சொன்னவனுக்கு அங்கே மறுநாள் வேலை இருக்காது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் கிடைத்திருக்கும். ஜப்பான்காரன் குண்டு விழுந்தபின் காடும் மலையுமாக நடந்து, மனைவியின் அத்தை வீடு பொம்மிடியில் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் இங்கே வந்து சேர்ந்தோம். ரங்கூனில் பிறந்தவன் நான். இந்தியாவை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

சண்டைக்காலத்தில் பெட்ரோல் ஏது? பஸ்ஸின் முதுகில் ஒரு டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, வரும் வாயுவில்தான் ஓட்டவேண்டும். உமிவாயு தெரிந்தவன் என்று அம்மா என்னைப் பிட்டராக வைத்துக்கொண்டார். சேலத்துக்குப் போகையில் தொல்லையில்லை, இறக்கம். திரும்பும்போது தொப்பூர் ஏற்றம் வண்டியைக் கொன்றது. கரித்தூசி எஞ்சினுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். “தொப்பூர் ஏறலன்னா சேலம் ரூட்ட விட்டுடணும். அப்ப பிட்டரு வச்சிக்க எனக்குக் கட்டாதுங்க” என்று அம்மா நேராகவே சொல்லிவிட்டார். இந்த வேலையும் போனால் மனைவியோடு எங்கே போய் நிற்பது?

மில்லில் வாயுவைத் தண்ணீரில் கழுவுவோமல்லவா, அதேபோல வண்டிக்கும் ஒரு தண்ணீர்ப் பெட்டி செய்தேன். சமதரையில் வண்டி பறந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. சேலத்திலிருந்து திரும்பும்போது நானே கூடப் போனேன். தொப்பூரில் வண்டியின் மூக்கு மேலே தூக்கியதும் பெட்டித் தண்ணீர் முழுக்கப் பின்னால் சாய்ந்து குழாயை மூடியது. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது. மில்லுக்குத் தரை சாயாது. பிறந்ததிலிருந்து மில்லையே பார்த்தவனுக்கு அது தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போய், துணிமணியைக் கட்டு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனேன். வட்டத்தில் உட்கார்ந்தேன். நடந்ததை எப்படியோ சொல்லி முடித்தேன். நஞ்சப்பன்தான் முதலில் சிரித்தார். “ரங்கூனாரே, மில்லுக்குச் சக்கரம் கட்டி மலையேத்தப் பாத்தீங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பில் விஷமே இல்லை.

“ஆமேலே?” என்றார் அம்மா.

“தெரியலைங்க” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாளியிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“தெரியலன்னா யோசிக்கலாம். யாருக்காச்சும் எதனா தோணுதா?”

கண்டக்டர் சின்னசாமி தலையைச் சொறிந்தார். “தண்ணியே வாணாங்க. வேலியோரம் கத்தாழ இருக்குதே, அந்த நாரத் திணிச்சா தூசி சிக்காதா?” நார் மட்டும் போதாது, எண்ணெயில் நனைத்துப் பிழிந்தால் தூசி ஒட்டும் என்று எனக்குச் சட்டென்று தோன்றியது. சொன்னேன். எவ்வளவு இறுக்கித் திணிக்கலாம் என்று நஞ்சப்பன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். முதலில் நார் இறுகி வண்டி திணறியது, பிறகு தளர்ந்து தூசியை விட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் அதை வட்டத்தில் சொன்னோம், திட்டு விழவில்லை; கடைசியில் சரியான இறுக்கம் பிடிபட்டது. அந்தக் கத்தாழை நார்ப் பெட்டி யாருடைய யோசனை என்று இன்று கேட்டால் எங்களில் ஒருவராலும் சொல்ல முடியாது. முதுகைத் திருப்பிக்கொண்டு செய்திருந்தால் அது எனக்கு வந்திருக்கவே வந்திருக்காது. இந்த மனிதர்களுக்கு நான் ரொம்பவும் கடமைப்பட்டவன்.

ஒரு சந்தை நாளில், ஆளும் மூட்டையுமாக அடைத்த வண்டி யாரையும் இறக்காமல் தொப்பூர் ஏறியது. மேட்டில் நெருப்பைக் கிளறிவிட நிறுத்தினோம். ஒரு பெரியவர் டிரம்மைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “பிட்டருக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் சின்னசாமி சொன்னார்: “நம்மூருதானுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். “ஆமாங்க” என்று தலையாட்டினேன். யார் கேட்டாலும் ரங்கூன் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், அதைச் சொல்லாமல் விட்ட முதல் நாள் அது.