நான் வரைந்த வங்கி

திட்டுவதற்கு எனக்குப் பலர் இருக்கிறார்கள். வரிசையில் முதல் ஆள் நான்தான்.

கொக்குவிலில் கணிதம் படிப்பித்துக்கொண்டு, ஒரு கணனியையும் கண்ணால் காணாமல், கணனி பற்றி நாவல் எழுதியவள் நான். தானாக யோசிக்கப் பழகிய கணனி ஒன்று, தன்னை வைத்திருக்கும் வங்கியின் பணத்தை வெளிநாட்டுச் சந்தைகளில் போட்டு அந்த வங்கியையே கவிழ்க்கிறது. எண்பதுகளின் நடுவில் அது புத்தகமாகி, கொழும்பில் ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளரின் கைக்குப் போனது. பதின்மூன்று வாரத் தொடராக எழுதித் தரச் சொன்னார். செற் போடுவதற்காக வங்கியின் உட்புறத்தையும் கீறி அனுப்பச் சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பளம் எடுக்கப் போகும் வங்கியையே அளவு பிசகாமல் வரைந்தேன். இரும்புக் கதவு, முகாமையாளர் அறை, காவலாளியின் ஸ்டூல். காவலாளி தேநீர் குடிக்கப் போகும் நேரத்தைச் சிவப்பு மையால் குறித்தேன். எங்கள் குடாநாட்டில் ஆயுத இயக்கங்கள் வங்கிகளைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்த காலம் அது. அதை நான் மறந்திருக்கவில்லை. என் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று பயந்தேன். மகள் விடுமுறை முடிந்து கொழும்புக்கு, பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப இருந்தாள். எழுதி முடித்த பதின்மூன்று வாரத்தையும் வரைபடத்தையும் ஒரே கட்டாகக் கட்டி அவளுடைய பையில் வைத்தேன்.

மறுநாள் பின்னேரம், வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்றிலிருந்து அவள் எங்கள் வாசலில் இறங்கினாள்.

"என்ன பிள்ளை, திரும்பி வந்திட்டாய்?"

"உங்கடை கதையைச் சொல்லிப்போட்டு வாறன். பதின்மூண்டு வாரமும். இங்கிலீசிலை."

வழியில் சோதனைச் சாவடியில் பஸ்சை மறித்துப் பைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த சிப்பாய்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தாள்கட்டுக்குள் அவர்கள் வாசிக்கக்கூடியவை வரைபடமும் நேரங்களும் மட்டும்தான். பஸ் போய்விட்டது. அவளை மட்டும் மறித்து வைத்து விசாரித்திருக்கிறார்கள்.

"காசை ஆர் எடுக்கிறது எண்டு அந்த அதிகாரி கேட்டான். கணனி எண்டன். சிரிச்சான். மெசின் களவெடுக்காது, ஆரோ சொல்லிக் குடுத்திருக்கிறான், ஆர் அவன் எண்டான்." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நானும் அதைத்தானே அம்மா உங்களிட்டைக் கேட்டனான்? நீங்கள்தான் உனக்கு விளங்காது எண்டனீங்கள்."

"பிறகு?"

"எழுதினது ஆர் எண்டு கேட்டான். நான்தான் எண்டன்."

"முதல் பக்கத்திலை என்ரை பேரெல்லோ கிடக்கு!"

"அவங்கள் என்னத்தை வாசிச்சாங்கள்? உங்களைச் சொன்னால் வந்து ஏத்திக்கொண்டு போவாங்கள். படத்துக்குக் கீழை கையெழுத்து வைக்கச் சொன்னாங்கள், வைச்சன். அதை வைச்சுக்கொண்டு மிச்சத்தைத் தந்தாங்கள்."

நான் அவளை ஏசினேன். ஓம், அவளைத்தான் ஏசினேன். மூளை இல்லையா, பொய்யில் கையெழுத்து வைப்பாயா என்று கத்தினேன். அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்தாள்.

விடிந்ததும் தபால் கந்தோருக்குப் போய்த் தயாரிப்பாளருக்கு ரெலிபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "ரீச்சர், அருமையா இருக்கு! இதையே முதலாவது வாரத்துல வச்சிடுவமா?" என்றார்.

"என்ரை பிள்ளையின்ரை கையெழுத்தை முதல் திருப்பி வாங்கித் தாரும்," என்றேன். "பிறகு எந்த வாரத்திலை வேணுமெண்டாலும் வையும்." கவுண்டரில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. தொடர் அதோடு முடிந்தது.

மகள் படிப்பை விடவில்லை. வேறு பாதையும் இல்லை. அதே சாவடியால்தான் போய் வந்தாள். அவள் கையெழுத்து வைத்த தாள் எந்த முகாமில், எந்தக் கோவைக்குள் கிடக்கிறது, யார் எப்போது அதை எடுத்து விரிப்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் அவளுடைய பையை நானே கட்டிலில் கொட்டினேன். கொப்பிகளைத் தாள் தாளாகப் புரட்டினேன். ஒருமுறை பொருளியல் கொப்பியில் அளவுகோலால் கீறிய வரைபு ஒன்று இருந்தது.

"அம்மா, அது திங்கட்கிழமை குடுக்க வேண்டியது!"

கிழித்தேன்.