படகுக்காரனிடம் நலம் விசாரித்தது

இனி மருந்து ஏற்ற வேண்டாம் என்று சொல்லி, அக்காவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சங்கரன்கோவிலில் உடம்பு முடியாதவர் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆரஞ்சும் ரொட்டிப் பாக்கெட்டும் மேசையில் குவிந்தன. எல்லோரும் கட்டில் ஓரம் நின்று, "இப்ப எப்படி இருக்கு?" என்றார்கள். அக்கா எல்லோருக்கும் "பரவாயில்ல" என்றாள். திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி வந்த சித்தி, போகும்போது வாசலிலிருந்து திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டாள்.

நான் பத்திரிகை அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். அத்தான் கடைக்குப் போகும் நேரத்தில் அவளுக்குத் துணை நான்தான். ஒரு மதியம், வந்தவர்கள் போன பிறகு, அவள் கேட்டாள்: "ஏலே, அந்த கேம்ல ஆத்தைத் தாண்டவே இல்லல்லா நாம?"

நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கேசட்டில் வாள் வைத்திருக்கும் பையன், மந்திரவாதி, காடு, குகை. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. அதனால் யார் என்ன பேசுகிறார்கள் என்பதை அக்காதான் சொல்வாள். தொப்பி போட்ட கிழவர் வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னால், தீர்ந்துவிட்டதுதான்.

ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரன் நிற்பான். பட்டனை அழுத்தினால் இரண்டு வரி பேசுவான். படகில் ஏற்ற மாட்டான். "எடுத்த எடுப்புல படகு கேட்டா எவன் குடுப்பான்? முதல்ல நாலு வார்த்தை விசாரிக்கணும்லே" என்பாள் அக்கா. நாங்கள் விசாரித்தோம். பிள்ளைகள் சுகமா, சாப்பிட்டாச்சா என்று அவள் டிவியைப் பார்த்துக் கேட்க, நான் பட்டனை அழுத்துவேன். அவன் அதே இரண்டு வரியைச் சொல்வான். அதற்குள் கரண்ட் போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடர அந்தக் கேசட்டில் வழியில்லை. மறுபடி முதல் ஊர்.

இப்போது அதே விளையாட்டு ஆங்கிலத்தில் போனுக்கு வந்திருக்கிறது. படத்தைக் கூர்மையாக்கியிருக்கிறார்கள்; ஆட்கள் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள். போனில் ஏற்றி அவள் கையில் கொடுத்தேன். முடி உதிர்ந்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

கிழவர் சொல்வது வடக்கே ஓநாய் இருக்கிறது என்பதுதான். தமிழில் சொன்னேன். "இவ்வளவுதானா? மாவு சமாச்சாரமே தேவலை."

படகுக்காரனுக்கு வேண்டியது ஒரு விளக்கு. அது முதல் ஊர்க் கிணற்றுக்குள் கிடக்கிறது.

"பாவம்லே அவன்" என்றாள் அக்கா. "வெளக்கு வேணும்னு தொண்டை கிழியச் சொல்லியிருக்கான். நாம சாப்டியா சாப்டியான்னு கேட்டு உயிரை எடுத்திருக்கோம்." சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

ஆற்றைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றாள். எவ்வளவு நாள் என்று டாக்டர் அத்தானிடம் சொல்லியிருந்தார். அவளுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் அவசரப்பட்டேன். அவள் விரல் நடுங்கும். சண்டை வரும் இடங்களில் போனை நான் வாங்கிக்கொள்வேன்.

தாண்டினோம். அக்கரையிலும் அதே மரங்கள், அதே புல்.

"இதுக்கா" என்றாள். "திரும்பிப் போலாமாலே?"

படகுக்காரனிடம் போய்க் கேட்டேன். காற்று மாறும்வரை படகு போகாது என்றான். அதை அப்படியே சொன்னேன். அவள் போனைப் போர்வைமேல் வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் முதல் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. வீடு வீடாக நுழைந்து எல்லோரிடமும் பேசினாள். ஓநாய், மழை, காணாமல் போன ஆடு. தினமும் அதே வரிகளை நான் வாசித்தேன், அவள் கேட்டுக்கொண்டாள். காட்டுப் பக்கம் போகலாமே என்றேன்.

"இருக்கட்டும்லே. இங்கன ஒருத்தரும் என்னைய எப்படி இருக்கேன்னு கேக்கல, பாத்தியா."

இவ்வளவு வருடம் கழித்தும் இந்த மாதிரிப் பழைய கேம்களை ஏன் விளையாடுகிறார்கள் என்று எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். இசை, கதை, வரைபடம் என்று காரணங்களை அடுக்கியிருந்தேன். இந்தக் காரணம் அதில் இல்லை.

கடைசி நாட்களில் அவள் கை போனைத் தாங்கவில்லை. முகத்துக்கு நேராக நான் பிடித்துக்கொண்டேன். பையன் கிணற்றடியில் நின்றான். யாரிடம் போகட்டும் என்று கேட்டேன்.

"எங்கயும் போவாண்டாம். அங்கனயே நிக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டாள். இசை மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பனவடலிசத்திரத்திலிருந்து அத்தானின் சொந்தக்காரர்கள், கையில் பழப்பையோடு. நான் எழுந்து போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் கேட்டதற்கெல்லாம் வாசலில் நின்றே பதில் சொன்னேன்.