நான் நிமிர்த்திய எரிமலை

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காகக் களிமண்ணில் எரிமலை செய்து வைத்திருந்தாள். கவிழ்த்த தாம்பாளம்போல் தட்டையாக இருந்தது. மண் சரிந்துவிட்டது என்று நினைத்து, அவள் டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் மிச்ச மண்ணையும் அப்பிக் கூம்பாக நிமிர்த்திவிட்டேன். எனக்கு ஒரே பெருமை.

திரும்பி வந்தவள் அழுதுவிட்டாள்.

"என்னம்மா பண்ணிட்ட? லாவாவுல சிலிக்கா, அதான் மணல்ல இருக்கிற சத்து, கம்மியா இருந்தா அது ரசம் மாதிரி ஓடிடும். மலை தட்டையாத்தான் வரும்."

"அப்போ உயரமான மலை?"

"சிலிக்கா நிறைய இருந்தா பொங்கல் மாதிரி கெட்டி. வாய்கிட்டயே குவிஞ்சிடும். உள்ள இருக்கிற கேஸ் வெளிய வர முடியாம வெடிக்கும்."

ரசம் சும்மா கொதிக்கும், பொங்கல்தான் கையில் தெறிக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை. "சாரிடி" என்றேன். மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் புதிதாகக் களிமண் வாங்கி வந்தேன்.

கண்காட்சிக்குப் போனால், அவளுடைய தட்டை மலைக்குப் பக்கத்திலேயே என் கூம்பும் நின்றது. அட்டையில் எழுதியிருந்தாள்: 'ஓடும் லாவா மலை, செய்தது நான். கெட்டி லாவா மலை, செய்தது அம்மா.'

அன்று முழுக்க, என் மலை ஏன் வெடிக்கும் என்று வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்.